ரிலே கருவியும் ‘வெளிப்படையானது’ என்ற மறுப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் பாடசாலைக் கண்காட்சியோ புத்தாக்கப் போட்டியோ முடிந்த கையோடு, கம்பியில்லா ரிலே கருவி (ஒரு பக்கம் வாங்கிய வானொலி அலையை மறுபக்கம் அனுப்பும் இடைநிலையம்) பற்றிய செய்தி ஒன்று பத்திரிகையில் வந்துவிடுகிறது. மேட்டுக்கு அப்பால் சிக்னல் எட்டாத தோட்டப் பிரிவின் (டிவிஷன்) மழைமானிக் கணக்கை இந்தப் பக்கம் கொண்டுவரும் கருவி, லயன் குடியிருப்புகளுக்கு மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கும் கருவி என்று வகைவகையாக. நல்ல முயற்சிகள்தான். பேட்டன்டுக்கு (கண்டுபிடிப்புக்கான ஆக்கவுரிமை) விண்ணப்பித்தார் என்பதும் பேட்டன்ட் பெற்றார் என்பதும் ஒன்றல்ல என்பதைச் செய்தி எழுதுவோர் மட்டும் கொஞ்சம் கவனித்தால் போதும்.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பேட்டன்ட் அலுவலகப் பரிசோதனையில் ‘இது வெளிப்படையானது, கண்டுபிடிப்புப் படி இல்லை’ என்று பதில் வந்தால், வேலையையே கேவலப்படுத்திவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். தோட்டத்துப் பிள்ளை என்பதால் தள்ளிவிட்டார்கள் என்று சொல்வோரும் உண்டு. அப்படிச் சந்தேகப்பட நம்மவர்களுக்குக் காரணங்கள் இருந்திருக்கின்றன. ஆனால் இந்த ஒரு விடயத்தில் பெரும்பாலும் பிழை வேறிடத்தில் இருக்கிறது: உரிமைக்கோரலை, அதாவது எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் சொல்லும் வாசகத்தை, எழுதிய விதத்தில்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மூன்று தகுதிகளைக் கேட்கிறது. புதிதாக இருக்க வேண்டும், கண்டுபிடிப்புப் படி இருக்க வேண்டும், கைத்தொழிலில் பயன்பட வேண்டும். இரண்டாவதை 65ஆம் பிரிவு விளக்குகிறது. விண்ணப்பத்துக்கு முன் உலகில் வெளிவந்திருந்த அறிவை வைத்துப் பார்க்கையில், அந்தத் துறையில் சாதாரணத் திறன் உள்ள ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றியிருக்கக்கூடாது. இந்த ‘சாதாரணத் திறன் உள்ளவர்’ பெரிய விஞ்ஞானி அல்ல, நேற்று வேலைக்கு வந்த கையாளும் அல்ல. நம் பேச்சில் சொன்னால் தொழில் தெரிந்த பாஸ், அதாவது மேசன், தச்சன் போன்ற கைதேர்ந்த தொழிலாளி; முதலாளி அல்ல. துறையில் அச்சான எல்லாவற்றையும் வாசித்து வைத்திருக்கும், ஆனால் புதிதாக எதையும் கற்பனை செய்யாத பாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லாத மனிதர்தான். சட்டம் இவரைத்தான் அளவுகோலாக வைக்கிறது.

அந்த பாஸ் என்னென்ன வாசித்திருப்பார்? (இங்கே ரிலே என்பது மின்சுற்றைத் திறந்து மூடும் சிறிய பெட்டி அல்ல.) நியூயோர்க்குக்கும் பொஸ்டனுக்கும் இடையில் நுண்ணலை ரிலே தொடர் 1947இலேயே ஓடியது. மூன்று முனை ரிலே வழியை வான் டெர் மியூலன் 1971இல் கணிதமாக எழுதினார். கவரும் எல் கமாலும் 1979இல் அதன் கொள்ளளவை ஆராய்ந்தார்கள். பல ரிலேக்களைத் தாண்டித் தகவல் போகும் ‘பல தாவல்’ முறைக்கான ஐஇஇஇ 802.16ஜே என்ற சர்வதேசத் தொழில்நுட்பத் தரம் 2009இல் வந்தது. கைப்பேசி வலையமைப்புகளுக்குத் தரம் வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 10ஆம் வெளியீட்டில் எல்டிஇ (4ஜி) வலையமைப்புக்குள் ரிலே முனையைச் சேர்த்தது. அன்டெனா, பெறுவான், நுண்கட்டுப்படுத்தி, அனுப்புவான், சூரியத் தகடு, மின்கலம் எல்லாம் கடையில் கிடைப்பவை. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்கிறது. அவற்றை ஒரே பெட்டிக்குள் வைத்து ‘மழைமானித் தகவலை ரிலே மூலம் எஸ்எம்எஸ் ஆக்கும் கருவி’ என்று கோரினால், அது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் கேஎஸ்ஆர் வழக்கில் சொன்னதும் ஏறக்குறைய இதே: தெரிந்த கூறுகளைத் தெரிந்த முறையில் சேர்த்து, எதிர்பார்த்த பலனையே பெற்றால் அது வெளிப்படையானதாகவே இருக்கக்கூடும். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. தர்க்கத்தைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அப்படியானால் ரிலே கருவியில் பேட்டன்டுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது பெட்டிக்குள் இருக்கும் பாகங்களின் பட்டியலில் இல்லை, கருவி மலையில் நிற்கும்போது படும் பாட்டில் இருக்கிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன். இரண்டும் விளக்கத்துக்காக நான் கட்டியவை.

முதலாவது, ஒரே அலைவரிசையில் வாங்கி, பெருக்கி, அதே அலைவரிசையில் அனுப்பும் ரிப்பீட்டர். கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன் கொண்டுபோனால் வீறிடுமே, அதே நோய் இதற்கும் உண்டு. பெருக்கம் 80 டெசிபெல் என்றால், அனுப்பும் அன்டெனாவிலிருந்து வாங்கும் அன்டெனாவுக்குக் கசியும் வழியில் இழப்பு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 15 டெசிபெலாவது மிச்சம் வைப்பது நடைமுறை. ஆகவே 95 வேண்டும். ஒரே கம்பத்தில் சில மீற்றர் இடைவெளியில் இரண்டையும் கட்டினால் இது கிடைக்காது. வெயில் நாளில் சரியாக ஓடிய கருவி, நனைந்த தேயிலையும் சவுக்கு மரமும் அலையைத் திருப்பி அடிக்கும் நாளில் வீறிடும். இதற்கு பாஸ் உடனே சொல்லும் மருந்துகள்: பெருக்கத்தைக் குறை, அன்டெனாக்களைத் தள்ளி வை, நடுவில் மேட்டின் முதுகை மறைப்பாக வை, ஒன்றை நிமிர்த்தி மற்றதைப் படுக்க வை, அனுப்பும் அலைவரிசையை மாற்று, அல்லது தகவலைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பு. இவற்றில் எதைச் செய்திருந்தாலும், எவ்வளவு சிரமப்பட்டுச் செய்திருந்தாலும், வெளிப்படையானதுதான். பட்ட சிரமத்தைச் சட்டம் அளப்பதில்லை.

இரண்டாவது உதாரணத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அளவுகளில் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற படிகளும், ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்ற அளவும் உண்டு. சாய்வாளி மழைமானி (சிறு வாளி நிரம்பும்போதெல்லாம் சாய்ந்து எண்ணிக்கை காட்டுவது) ஒரு சாய்வுக்கு 0.2 மில்லிமீற்றர் என்று வைத்தால் 75 மில்லிமீற்றர் என்பது 375 சாய்வு. அது ஒரு மணித்தியாலத்தில் விழுந்தால் பத்து விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு ஒரு சாய்வு. இந்தக் கணக்கு மேட்டைத் தாண்டித் தாமதமில்லாமல் போக வேண்டும். ஆனால் மேட்டில் இருக்கும் ரிலே எப்போதும் காது கொடுத்திருந்தால் மின்கலம் தாங்காது. பரவலாகப் பயன்படும் லோரா சில்லு (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் வானொலிச் சில்லு) கேட்டுக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ 11 மில்லிஅம்பியர் எடுக்கும். நாளுக்கு 264 மில்லிஅம்பியர் மணி. 3000 மில்லிஅம்பியர் மணி மின்கலம் வானொலிப் பகுதிக்கு மட்டுமே 11 நாள்தான் வரும். தென்மேற்குப் பருவத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் சூரியத் தகட்டை நம்பி இருக்க முடியாது.

குறித்த நேரத்தில் மட்டும் விழித்துக் கேட்கச் செய்யலாமே என்றால், அது தெரிந்த வழி. அதன் கோளாறும் தெரிந்ததே. கடிகாரம் பிசகும். கடிகாரத்தை ஓட்டும் 32,768 ஹேர்ட்ஸ் படிகம் 25 பாகை செல்சியஸிலிருந்து விலக விலக, விலகலின் வர்க்கத்துக்கு ஏற்ப, பாகை வர்க்கத்துக்குப் பத்து இலட்சத்தில் 0.034 என்ற கணக்கில் பின்தங்கும். 5 பாகைக் குளிரிலேயே நின்றால் பத்து இலட்சத்தில் 13.6, அதாவது நாளுக்கு ஏறத்தாழ 1.2 விநாடி. மேட்டில் ஒரு குளிர், பள்ளத்தில் ஒரு குளிர் என்பதால் இரண்டு கடிகாரமும் ஒரே அளவில் பிசகுவதும் இல்லை. வெப்பநிலையை அளந்து திருத்துவது? அதுவும் தெரிந்தது. அழைப்புச் சமிக்ஞையை நீட்டி அனுப்பி, தூங்கும் பெறுவான் இடையிடையே எட்டிப்பார்க்கும்படி செய்வது? உணரி வலையமைப்பு ஆய்வுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது.

இப்போது ஒருவர் இப்படிச் செய்கிறார் என்று வையுங்கள். ரிலேயிலும் ஒரு சிறிய மழை உணரியைப் பொருத்துகிறார். பள்ளத்து மழைமானி தன் சாய்வுகளின் வேகத்தைப் பார்த்தும், மேட்டு ரிலே தன் தலையில் விழும் மழையைப் பார்த்தும், ஒன்றோடொன்று பேசாமலே தத்தம் விழிப்பு இடைவெளியைக் குறைக்கின்றன. பதில் வராவிட்டால் மட்டும் மழைமானி அழைப்பை நீட்டுகிறது. இது வெளிப்படையானதா? வெளிப்படையானது என்போர், மழைக்கேற்ப அளவெடுக்கும் இடைவெளியை மாற்றுவது பழையது, நீட்டிய அழைப்பும் பழையது, இரண்டையும் சேர்த்ததுதானே என்பார்கள். மறுபக்கத்தில், தகவலைக் கடத்த மட்டுமே இருக்கும் ரிலேக்கு மழை உணரி எதற்கு என்றுதான் பாஸ் கேட்பார்; பள்ளத்தில் பெய்யும்போது மேட்டில் பெய்யாமல் இருக்கலாம் என்பதால் அந்த வழியை விட்டும் விலகியிருப்பார் என்று வாதாடலாம். ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகம் கேட்கும் கேள்வி இங்கே உதவும்: செய்திருக்க முடியுமா என்பதல்ல, செய்திருப்பாரா என்பது. என் பார்வையில் இந்தக் கோரல் விளிம்பில் நிற்கிறது. ஆனால் வாதம் நடக்க வேண்டிய இடம் இதுதான், சூரியத் தகட்டிலும் எஸ்எம்எஸ்ஸிலும் அல்ல.

ஆகவே முதலாம் உரிமைக்கோரலில் ‘பெறுவான், அனுப்புவான், மின்கலம் கொண்ட ரிலே’ என்று எழுதி நிறுத்தாதீர்கள். ‘...கொண்ட ரிலேயில், அதன் கேட்கும் இடைவெளி அதன் சொந்த மழை உணரியின் அளவால் தீர்மானிக்கப்படுவதும், பதில் கிடைக்காதபோது மழைமானி அழைப்பின் நீளத்தைக் கூட்டுவதும் சிறப்பியல்பாக உள்ளது’ என்ற வகையில் எழுதுங்கள். அதன் கீழ், முதலாவதோடு மேலதிக விவரம் சேர்க்கும் சார்புக் கோரல்களாக எண்களைக் கொண்டுவாருங்கள்: எத்தனை சாய்வுக்கு எந்த இடைவெளி, அழைப்பு எத்தனை விநாடி. முதலாம் கோரல் விழுந்தாலும் மூன்றாவதில் நிற்க இடம் இருக்கும். வெறும் சூத்திரத்தைக் கோராதீர்கள்; கணித முறை சட்டப்படி கண்டுபிடிப்பு அல்ல.

கருவியை விளக்கும் விண்ணப்பப் பகுதியான விவரக்குறிப்பில் அளவீடுகள் இருக்க வேண்டும். நனைந்த நாளில் எத்தனை தகவல் பொதி அனுப்பியதில் எத்தனை வந்தது, மின்கலம் எத்தனை நாள் நின்றது, பழைய முறையிலான கருவி அதே மேட்டில் அதே வாரத்தில் எப்படி ஓடியது. எதிர்பாராத பலன் என்று வாதாட இந்த ஒப்பீடு தவிர வேறு ஆயுதம் கிடையாது. விண்ணப்பித்த பிறகு புதிய விடயத்தை உள்ளே நுழைக்க முடியாது என்பதால் முதல் நாளே எழுதிவிட வேண்டும். ‘மலைநாட்டுக்கு நீண்டகாலத் தேவை’ என்ற வாதமும் செல்லும், ஆனால் அந்தத் தேவையை உங்கள் கோரலில் உள்ள அம்சமே தீர்த்தது என்று காட்டினால்தான். மலையகத்தின் துயரத்தை விவரிப்பது அதற்கு ஈடாகாது.

பரிசோதிப்பவர் பக்கமும் ஒரு கடமை உண்டு. விடுகதையின் விடை தெரிந்த பின் எல்லோருக்கும் அது சுலபமாகத்தான் தெரியும். விண்ணப்பத்தை வாசித்து முடித்தவருக்கு அதில் உள்ளது எல்லாமே ஏற்கெனவே தெரிந்ததாகத் தோன்றும். அதனால்தான் ‘வெளிப்படையானது’ என்று ஒற்றை வரி போதாது. எந்த ஆவணம், என்ன திகதி, அதில் எந்தப் பந்தி, எந்த வேறுபாடு மிஞ்சுகிறது, அந்த வேறுபாட்டை நிரப்ப இரண்டாவது ஆவணத்தை பாஸ் ஏன் தேடிப் போயிருப்பார் என்று எழுத்தில் வர வேண்டும். அப்படி வராவிட்டால் மரியாதையாகக் கேளுங்கள். வந்தால், கோபப்படாமல் அந்தப் பந்தியைத் திறந்து வாசியுங்கள். பாதி நேரம் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

விண்ணப்பிக்கும் முன் தேடுவதற்குக் காசு தேவையில்லை. எஸ்பாசெநெட், கூகுள் பேட்டன்ட்ஸ், உலகப் புலமைச் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் ஆகிய தேடல் தளங்கள் மூன்றும் இலவசம். ‘ரிலே’ என்று மட்டும் தட்டினால் மின்சுற்று ரிலேக்கள் வந்து குவியும். வகைப்பாட்டு எண்ணால் தேடுங்கள்: ரிலே முறைமைகளுக்கு எச்04பி 7/14, அதற்குள் தரை நிலையங்களுக்கு 7/155, ரிலேயாக இயங்கும் முனையக் கருவிகளுக்கு எச்04டபிள்யூ 88/04, மழைமானிக்கு ஜி01டபிள்யூ 1/14. இரண்டு துறை எண்களும் சேர்ந்து வரும் ஆவணங்கள்தான் உங்களுக்கு ஆபத்தானவை. அவற்றை முதலில் வாசியுங்கள்.

கண்காட்சி பற்றியும் ஒரு வார்த்தை. கருவியை மேசையில் வைத்து வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கினால் அது வெளியீடு. நமது சட்டம் விண்ணப்பதாரரே செய்த வெளியீட்டுக்கு ஓராண்டு விலக்குத் தருகிறது. ஐரோப்பாவில் அத்தகைய பொதுவான ஓராண்டுச் சலுகை கிடையாது. பொறுப்பாசிரியர்கள் போட்டிக்குப் பதிவதற்கு முன்பே கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது. பத்திரிகைக்கும் இதில் பங்கு உண்டு: உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று சுற்றுப்படத்தோடு செய்தி போடுமுன், விண்ணப்பித்தாயிற்றா என்று நிருபர் ஒரு கேள்வி கேட்கலாம்.

பேட்டன்ட் கிடைத்தாலும் அது பிறரைத் தடுக்கும் உரிமை மட்டுமே. கருவியை மேட்டில் ஏற்றி அலைபரப்ப, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அலைவரிசை விதிகள் தனியே பொருந்தும். கைப்பேசி வலையமைப்பின் அலையைப் பெருக்கும் பெட்டிகளை அனுமதியில்லாமல் மாட்டுவோர் அடிவாரத்துக் கோபுரத்தின் காதையே அடைத்துவிடுகிறார்கள் என்பதையும் இதோடு சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தலவாக்கலை.