கல்லறைக் கொடிகள்: நடும்போதும் எடுக்கும்போதும்

உறுப்பினர்களுக்கு வணக்கம். மே கடைசித் திங்கள் மெமோரியல் டே, படைப்பணியில் உயிரிழந்த அமெரிக்க வீரர்களை நினைவுகூரும் நாள். அன்று படைவீரர் கல்லறைகளில் நட 12க்கு 18 அங்குலப் பாலியஸ்டர் அமெரிக்கத் தேசியக் கொடிகளையே பயன்படுத்துவோம், ஓரம் மடித்துத் தைத்தவை மட்டும். வெட்டி விட்ட ஓரம் காற்றில் நூல் நூலாகப் பிரிந்துவிடும்.

கல்லுக்கு நேர் நடுவே, ஒரு பூட்ஸ் நீளம் தள்ளி நடுங்கள். ஆர்லிங்டன் தேசியப் படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் வீரர்கள் அளப்பதும் அப்படித்தான். நட்டதும் கல்லிலுள்ள பெயரை ஒருமுறை வாசித்துவிட்டு நகருங்கள். தரை இறுகியிருந்தால் முதலில் ஸ்க்ரூடிரைவரால் துளை போடுங்கள். வெறுமனே அழுத்தினால் குச்சி மண்மட்டத்தில் முறியும், அந்தத் துண்டு புல்வெட்டும் மிஷினில் சிக்கும்.

எடுக்கும்போது துணியைத் தொடாமல், குச்சியின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி உருவுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடிக்கும், சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கும். நிழலில் நன்றாக உலர்த்தி, 25 கொடிக்கு ஒரு கட்டு. கிழிந்தவை குப்பைக்குப் போகவே கூடாது. முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜனின் கிளையில் கொடுத்தால் முறைப்படி எரிப்பார்கள்.