மெசியா: வந்தவரும் வரவேண்டியவரும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குருத்து ஞாயிறையொட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தென்னங்குருத்தைச் சிலுவையாக முடைந்து வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை அழகாக எழுதியிருந்தார்கள். படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் மெசியா பற்றி அதில் இருந்த ஒரு பத்தியைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. யூதர்கள் வாளேந்திய ராஜாவை எதிர்பார்த்தார்கள், இயேசு ஆன்மிக மீட்பராக வந்தார், ஏமாந்துபோன அவர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்பது அந்தப் பத்தியின் சாரம். பிரசங்கங்களிலும் இதைக் கேட்டிருக்கிறேன். நான் நடத்தும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளும் இதையே ஒப்பிக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்ல வசதியான கதைதான். ஆனால் அது ஓர் இனத்தின் மேல் பழி போடுகிறது. எங்கள் விசுவாசத்தின் நடுநாடியையும் விட்டுவிடுகிறது.

பழைய இஸ்ரயேலில் கடவுள் ஒருவரை ஒரு பணிக்கென்று தேர்ந்துகொண்டால் அவர் தலையில் எண்ணெய் வார்ப்பார்கள். அதற்கென்று தனி எண்ணெய் உண்டு. ஒலிவ எண்ணெயில் வெள்ளைப்போளமும் இலவங்கப்பட்டையும் இன்னும் சில வாசனைப் பொருள்களும் சேர்த்து எப்படிச் செய்வது என்று விடுதலைப் பயண நூலின் 30ஆம் அதிகாரம் அளவோடு சொல்கிறது. ஆரோனும் அவர் மக்களும் அப்படித்தான் குருக்கள் ஆனார்கள். சவுல் அரசரானார். பெத்லகேமில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசிப் பிள்ளை தாவீதை அழைத்துவரச் சொல்லி, அண்ணன்மார் பார்த்துக்கொண்டிருக்க, இறைவாக்கினர் சாமுவேல் அவன் தலையில் எண்ணெய் வார்த்தார். இப்படி அருள்பொழிவு பெற்றவருக்குத்தான் மெசியா என்று பெயர். கிரேக்கத்தில் அதுவே கிறிஸ்து. ஆக அது இயேசுவின் குடும்பப் பெயர் இல்லை, ஒரு பொறுப்பின் பெயர். இன்னொன்றும் உண்டு. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் ஊர் திரும்ப வழிவிட்ட பாரசீக அரசர் சைரசு, யூதரே அல்லர். அவரையும் ஆண்டவர் அருள்பொழிவு செய்தவர் என்றே எசாயா நூல் அழைக்கிறது.

கி.மு. 586 வாக்கில் எருசலேம் வீழ்ந்தது. அரசர் தாவீதின் அரியணையும் போயிற்று. அதற்குப் பிறகுதான், அவர் வழியில் ஒருவர் வருவார் என்ற ஏக்கம் ஆழமாக வேர்விட்டது. ஆனால் எல்லா யூதர்களும் ஒரே மாதிரி எதிர்பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. 1947இல் சாக்கடலோரக் குகைகளில் கிடைக்கத் தொடங்கிய சுவடிகளில், ஆரோன் வழியில் ஒரு குருவும் அரச வழியில் ஒருவருமாக இரண்டு மெசியாக்களை எதிர்பார்த்த குழுவினரைப் பார்க்கிறோம். போர்வீரரை எதிர்பார்த்தவர்களும் இருந்தார்கள். அதில் என்ன தவறு? அந்நிய ராணுவமும் வரிச்சுமையும் கழுத்தை நெரிக்கும்போது விடுதலை தரும் அரசரைக் கேட்பது பேராசை இல்லையே.

கொன்றது யார் என்ற விஷயத்துக்கும் வருகிறேன். சிலுவைச்சாவு ரோமானியர் கொடுத்த தண்டனை. ஆணையிட்டவர் ஆளுநர் பிலாத்து. எருசலேம் தலைமைக் குருக்களின் பங்கை நற்செய்திகள் மறைக்கவில்லை, சரி. அதற்காக ஓர் இனம் முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. எங்கள் கத்தோலிக்கத் திருச்சபை இதை 1965 அக்டோபர் 28 அன்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர்கள் எல்லார் மேலும் சுமத்தக் கூடாது, இன்றைய யூதர்கள் மேலும் சுமத்தக் கூடாது. இந்தப் பழியைச் சொல்லிச் சொல்லியே ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களை அடித்தார்கள், ஊரைவிட்டு விரட்டினார்கள். யூதர்களை நேரில் பார்த்தே இராத நம் பிள்ளைகளுக்கு நாம் ஏன் அந்தக் கசப்பை ஊட்ட வேண்டும்?

அப்புறம், மெசியாவைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர்கள் என்று யாரையாவது காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் சீடர்களைக் காட்ட வேண்டும். மாற்கு நற்செய்தி 8ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிலிப்புச் செசரியா ஊர்களுக்குப் போகும் வழியில் இயேசு கேட்கிறார், நான் யார் என்று நீங்கள் சொல்கிறீர்கள்? பேதுரு சட்டென்று, நீர் மெசியா என்கிறார். சரியான பதில். ஆனால் இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று இயேசு கண்டிப்பாகக் கட்டளையிடுகிறார். பின்னர், மானிடமகன் (தம்மைத்தான் அப்படிச் சொல்கிறார்) பலவாறு துன்பப்பட்டு, உதறித் தள்ளப்பட்டு, கொலை செய்யப்பட்டு, மூன்று நாளுக்குப் பின் உயிர்த்தெழ வேண்டும் என்று சொல்லத் தொடங்குகிறார். பேதுருவால் தாங்க முடியவில்லை. ஆண்டவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய்க் கடிந்துகொள்கிறார். அவரை நோக்கித்தான் இயேசு, என் கண்முன் நில்லாதே சாத்தானே என்கிறார். சரியான பட்டத்தைச் சரியான ஆளுக்குக் கொடுத்தவர், சில வரிகளுக்குள் சாத்தான் என்று பேர் வாங்குகிறார்.

எங்கள் விசுவாசத்தில் மெசியா என்ற பெயரின் முழுக்கனமும் அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது. அரசர்தான், ஆனால் அவருக்குக் கிடைத்த முடி முள்ளால் ஆனது. யூதரின் அரசர் என்று எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளில் பிலாத்து எழுதிவைத்த பலகை அவருடைய சிலுவையில் தொங்கியது. அறையப்பட்ட மெசியா யூதர்களுக்குத் தடைக்கல், பிற இனத்தாருக்கு மடமை என்று திருத்தூதர் பவுல் ஒளிக்காமல் எழுதினார். உயிர்ப்பு இல்லையென்றால் அது எங்களுக்கும் மடமைதான். இயேசு இறந்த பின் எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன இரண்டு சீடர்களும், இஸ்ரயேலை மீட்கப்போகிறவர் இவரே என்று எதிர்பார்த்திருந்தோம் என உடைந்துபோய்த்தானே பேசினார்கள்? துன்பப்பட்டுத்தான் மெசியா மாட்சிக்குள் போக வேண்டும் என்பதை உயிர்த்த ஆண்டவரே அவர்களுக்கு மறைநூலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது.

'ஆன்மிக மீட்பர்' என்று கட்டுரையாளர் சொன்னதும் பாதிதான். நாசரேத்து தொழுகைக்கூடத்தில் எசாயாவின் ஏட்டைப் பிரித்து இயேசு வாசித்த பகுதி ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டோருக்கு விடுதலை, பார்வையற்றோருக்குப் பார்வை, ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை வாழ்வு என்று போகிறது. அதற்காகவே ஆண்டவருடைய ஆவி தம்மை அருள்பொழிவு செய்தது என்றார். சோற்றையும் நோயையும் கடனையும் தொடாத மீட்பு அது என்று எப்படிச் சொல்வது?

கிருஷ்ணகிரியில் எனக்குப் பழக்கமான முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அவர்களும் ஈசாவை, அதாவது இயேசுவை, மஸீஹ் (மெசியா) என்றே மரியாதையாகச் சொல்வார்கள். குர்ஆனில் அந்தப் பட்டம் இருக்கிறது. சிலுவைச்சாவையும் அவர் இறைமகன் என்பதையும் அவர்கள் ஏற்பதில்லை. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டுதான் நாங்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறோம்.

யூதர்கள் இன்றும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. மெசியா வந்துவிட்டார் என்கிறீர்களே, வாள்களைக் கலப்பைக் கொழுவாக அடிக்கும் நாள் எங்கே? எசாயா சொன்ன அமைதி எங்கே? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் கிறிஸ்தவர் தன் விசுவாச அறிக்கையைக் கவனித்துச் சொல்லவில்லை என்பேன். அவர் மாட்சியோடு மீண்டும் வருவார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். பலிபீடத்தின் முன் அவர் வருகைக்காகக் காத்திருப்பதாகச் சொல்கிறோம். வந்துவிட்டார் என்று நம்புகிற நாங்களும் வருவார் என்று பார்த்திருக்கிறவர்கள்தான். அவர்களோடு எங்களுக்குள்ள வேறுபாடு பெரியது, அதை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனாலும் காத்திருக்கிற ஒருவர் காத்திருக்கிற இன்னொருவரைப் பார்த்து, நீ ஏமாந்தவன் என்று சொல்லக் கூடாது.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். தர்மபுரி திரு இருதயப் பேராலயத்தில் ஆண்டுதோறும் ஆயர் மறைமாவட்டக் குருக்களோடு சேர்ந்து கிறிஸ்மா தைலத்தை அர்ச்சிக்கும் திருப்பலி நடக்கும். ஒலிவ எண்ணெயில் நறுமணத் தைலம் கலந்தது அது. திருமுழுக்குப் பெறும் குழந்தையின் உச்சந்தலையில் அதைப் பூசி, கிறிஸ்துவைப் போல குருவாகவும் இறைவாக்கினராகவும் அரசராகவும் இருக்கும்படி மன்றாடுவார்கள். அடுத்த தவக்காலத்தில் உங்கள் நிருபரை அங்கே அனுப்புங்கள். மெசியா பற்றி எழுத அதைவிட நல்ல இடம் இந்த இரண்டு மாவட்டங்களிலும் இல்லை. குருத்தோலைக் கட்டுரையை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், அந்த ஒரு பத்தியை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.