டேப் எல்லாம் எங்கேயும் போயிருக்காது

அன்புள்ள செல்வம்,

பதில் தாமதம்தான், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டி வலி மட்டும் அப்படியே.

ஐபேடில் சஃபாரி பிரவுசரில் திறந்து வைத்த டேப் மொத்தமும் காலி, இலக்கியாவின் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குச் சேர்த்ததெல்லாம் போச்சு என்று புலம்பியிருக்கிறாய். முதல் வேலையாக, ஹிஸ்டரியில் கை வைக்காதே. "க்ளியர் பண்ணிட்டா சரியாயிடும்" என்று ராமநாதன் சார் வகையறா யாராவது சொல்வார்கள். அழித்தால் மூடிய டேப்களின் பட்டியலும் சேர்ந்து போய்விடும்.

மொத்தமாகக் காணோம் என்றால் பெரும்பாலும் நீ எதையும் மூடியிருக்கவே மாட்டாய். 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் சஃபாரியில் பல விண்டோ திறக்கலாம். விரல் எங்கோ பட்டுப் புது விண்டோ வந்திருக்கும். பழையது பின்னால் ஒளிந்திருக்கும். கீழே டாக் என்கிற ஐகான் வரிசையில் சஃபாரி ஐகானை அழுத்திப் பிடித்து 'ஷோ ஆல் விண்டோஸ்' தொடு. உன் டேப்கள் அங்கே இருந்தால், இரண்டு சதுரம் போட்ட பொத்தானை அழுத்திப் பிடித்து 'மெர்ஜ் ஆல் விண்டோஸ்' கொடு. எல்லாம் ஒரே விண்டோவுக்குள் வந்துவிடும்.

அங்கும் இல்லையா? அதே சதுரப் பொத்தானை ஒரு தட்டு தட்டு. வரும் திரையில் கூட்டல் குறியைத் தட்டாதே, அழுத்திப் பிடி. தட்டினால் வெற்று டேப்தான் வரும். எல்லாரும் சறுக்குவது இங்கேதான். பிடித்தால் சமீபத்தில் மூடியவை வரிசையாக வரும். கீபோர்டு மாட்டியிருந்தால் கமாண்ட், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்து. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு டேப் திரும்பும். குரோம் என்றால் மூன்று புள்ளி மெனுவில் 'ரீசன்ட் டேப்ஸ்'.

பக்கம் திரும்பும், அதில் பாதி நிரப்பிய சாய்ஸ் லிஸ்ட் திரும்பாது. லாகின் கேட்டாலும் பதறாதே. பிரைவேட் டேபில் பார்த்தது ஹிஸ்டரியில் ஏறாது, அங்கே தேடி நேரத்தை வீணாக்காதே.

இன்னொன்று: செட்டிங்ஸில் சஃபாரிக்குள் 'குளோஸ் டேப்ஸ்' எப்படி இருக்கிறது? ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று வைத்திருந்தால் அதுவே சத்தமில்லாமல் மூடிவிடும். 'மேனுவலி' ஆக்கு. கிடைத்ததும் திறந்திருக்கும் அத்தனை டேபையும் ஒரே ஃபோல்டரில் புக்மார்க் போடு. டேபை அலமாரியாக வைத்துக்கொள்ளும் பழக்கம் உனக்குக் கல்லூரி நாளிலிருந்தே உண்டு, நோட்டு நடுவில் பஸ் டிக்கெட் செருகுவாயே, அதேதான்.

சிவில் வேண்டாம் என்கிறாளாமே இலக்கியா? சாய்ஸ் லாக் பண்ணுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடச் சொல்.

உன்,
பாஸ்கர்