எந்த உயரத்தில், எத்தனை ஏவுகணையோடு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாக்குதல் ஹெலிகாப்டர்களை வெளிநாட்டில் வாங்குவதா, உள்நாட்டில் கட்டுவதா என்று கேட்ட உங்கள் கட்டுரை, அமெரிக்காவின் அப்பாச்சியையும் நம் நாட்டில் கட்டும் பிரசண்டையும் அருகருகே நிறுத்தி எடை, வேகம், பீரங்கியின் விட்டம், விலை என்று ஓர் அட்டவணை தந்திருந்தது. எண்களில் குறையில்லை. ஆனால் எதை வாங்குவது என்று முடிவெடுக்க அவை போதாது. எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வெயிலில், எத்தனை ஏவுகணைகளைச் சுமந்துகொண்டு அந்தரத்தில் நிற்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும். பழுதானால் யார் அனுமதி கொடுத்தபின் சரிசெய்ய முடியும் என்பதை அடுத்துக் கேட்க வேண்டும்.

லடாக்கின் லே விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்குப் பறப்புக் கணக்கில் வைத்திருக்கும் வெப்பநிலை மைனஸ் 6 டிகிரி. கோடைப் பகலில் 25 டிகிரி அடித்தால் வித்தியாசம் 31 டிகிரி. வெயிலில் காற்று இன்னும் மெலிவதால், டிகிரிக்குச் சுமார் 36 மீட்டர் வீதம் 1,100 மீட்டரை உயரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது லே ஓடுதளத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கு, காற்று 4,350 மீட்டரில் இருப்பதுபோல் மெலிந்திருக்கும். எல்லைக் கணவாய்கள் அதற்கும் மேலே. 4,800 மீட்டரில், பறப்புக் கணக்கில் வைத்திருக்கும் மைனஸ் 16 டிகிரியில்கூடக் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 61 சதவீதம்தான். ரோட்டர் இலைகளுக்குப் பிடிமானம் குறையும் அதே இடத்தில் இன்ஜினின் சக்தியும் குறைகிறது. எடையைக் குறைக்காமல் ஏற முடியாது. குறைப்பது ஏவுகணையாக இருக்கும், அல்லது எரிபொருளாக இருக்கும்.

இங்கேதான் எடைக்கும் இன்ஜினுக்கும் உள்ள விகிதம் பேசுகிறது. அப்பாச்சி ஏ.எச்-64ஈ-யின் அதிகபட்ச எடை சுமார் 10,400 கிலோ. இரண்டு டி700 இன்ஜின்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,000 குதிரைத்திறன். டன்னுக்கு 385 குதிரைத்திறன் வருகிறது. பிரசண்ட் 5,800 கிலோ. ‘சக்தி’ என்று பெயரிட்ட இன்ஜின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 1,400-க்குச் சற்றுக் குறைவு. டன்னுக்கு 475. சமவெளியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, அங்கே கியர்பாக்ஸ் தாங்கும் அளவுதான் எல்லை. மலையில் இதுதான் எல்லாமே. இரண்டையும் வடிவமைத்தவர்கள் வெவ்வேறு போர்க்களங்களை மனதில் வைத்திருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அப்பாச்சி, ஐரோப்பியச் சமவெளியில் சோவியத் டாங்கிப் படையை நிறுத்துவதற்காகப் பிறந்தது. பிரசண்டின் விதை 1999 கார்கில் போர். அந்த ஆண்டு நம்மிடம் இருந்த எம்.ஐ-35 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் அந்த உயரங்களில் பயன்படவில்லை. ஆளும் சரக்கும் ஏற்றும் எம்.ஐ-17-களில் ராக்கெட் கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. மே 28 அன்று டோலோலிங் பகுதியில் அவற்றில் ஒன்று தோளில் வைத்து ஏவும் ஏவுகணைக்கு இரையாகி நான்கு பேர் இறந்தனர். ஏவுகணையைத் திசைதிருப்பும் தீப்பிழம்புகளை உமிழும் கருவி அதில் இல்லை.

2024 ஏப்ரலில் விமானப்படையின் அப்பாச்சி ஒன்று லடாக்கில் முன்னெச்சரிக்கையாகத் தரையிறங்கும்போது சேதமடைந்தது. மேடுபள்ளமான நிலமும் உயரமும் காரணம் என்று விமானப்படையே சொன்னது. இதை வைத்து அப்பாச்சி மலைக்கு ஆகாது என்று ஒரேயடியாக எழுதுவது நியாயமில்லை; அங்கே அது எவ்வளவு சுமக்கும் என்று கேட்பதுதான் நியாயம். அதே கேள்வியைப் பிரசண்டிடமும் கேட்க வேண்டும். 5,000 மீட்டரில் கணிசமான ஆயுதமும் எரிபொருளுமாக இறங்கி ஏறக்கூடியது என்று அரசுத் தரப்பு சொல்கிறது. எத்தனை கிலோ என்று சொல்வதில்லை. இறங்கி ஏறுவதும் அந்தரத்தில் நிற்பதும் ஒன்றல்ல. தரையை ஒட்டி மிதக்கும்போது கீழே தள்ளிய காற்று தரையில் பட்டுக் கொஞ்சம் தாங்கும். சரிவான மலைமுகட்டின் மேலே அந்தத் தாங்கல் கிடைக்காது. ஏவுகணையைக் குறிபார்ப்பது அந்த இடத்தில்தான். ஜூலை நடுப்பகலில், எட்டு ஏவுகணையோடு, தரைத் தாங்கல் இல்லாமல் எவ்வளவு நேரம் நிற்கும்? அந்த ஒரு வரி உங்கள் அட்டவணை முழுவதையும்விடப் பயனுள்ளது.

சமவெளியில் கதை மாறும். ராஜஸ்தான், பஞ்சாப் எல்லையில் அப்பாச்சிக்கு நிகராகப் பிரசண்டைச் சொல்ல முடியாது. காரணம் 30 மி.மீ. பீரங்கி அல்ல, ரோட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் லாங்போ ரேடார். மணல்மேட்டுக்குப் பின்னால் ஒளிந்து, ரேடாரை மட்டும் தலைநீட்டிப் பார்த்து, மில்லிமீட்டர் ரேடார் அலையில் வழிகாணும் ஹெல்ஃபயர் ஏவுகணையை ஏவிவிட்டு மறுபடி பதுங்கலாம். தூசியிலும் மூடுபனியிலும் அது வேலை செய்யும். பிரசண்டில் பொருத்த நினைக்கும் உள்நாட்டு டாங்கி எதிர்ப்பு ஏவுகணை ஹெலினா 7 கிலோமீட்டர் போகும், ஏவியபின் தானே இலக்கைத் தேடிப்போகும். ஆனால் அது பார்ப்பது வெப்பப் படத்தை. புழுதிப் புயலில் அதன் கண் மங்கும். இன்னொரு விவரம்: நாம் 2015-ல் வாங்கிய 22 அப்பாச்சிகளுக்கு வந்தவை 12 ரேடார்கள்தான். அட்டவணை எல்லாவற்றுக்கும் ரேடார் இருப்பதாக நினைக்க வைக்கிறது.

விலை விஷயத்தில் கட்டுரை வழுக்கிவிட்டது. 2025 மார்ச் 28 அன்று 156 பிரசண்டுகளுக்குக் கையெழுத்தான ஒப்பந்தம், வரி நீங்கலாக ரூ.62,700 கோடி. வகுத்தால் ஒன்றுக்கு ரூ.402 கோடி. ராணுவத்தின் 6 அப்பாச்சிகளுக்கு 2017-ல் ஒப்புதல் தந்த மதிப்பு ரூ.4,168 கோடி, ஒன்றுக்கு ரூ.695 கோடி. பாதிக்குச் சற்று மேல் விலை என்று மகிழ இதில் ஒன்றுமில்லை. அப்பாச்சி கணக்கில் ஆயுதங்கள் அடக்கம், பிரசண்ட் கணக்கில் பயிற்சியும் துணைக்கருவிகளும் அடக்கம், இடையில் எட்டு ஆண்டு விலையேற்றம் வேறு. இரண்டு பொட்டலங்களையும் பிரித்து, ஒரே சாமான்களை வைத்து எடை போட்டால்தான் கணக்கு சரியாகும். அதோடு 30 ஆண்டுக்கு உதிரிபாகமும் ஓவர்ஹாலும் வாங்கிய விலையைத் தாண்டிவிடக் கூடும்.

அனுமதிக்கு வருகிறேன். 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடை வந்தபோது கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் உதிரிபாகம் இல்லாமல் முடங்கின. இத்தனைக்கும் அவை பிரிட்டனில் கட்டியவை. உள்ளே இருந்த அமெரிக்கப் பாகங்கள்தான் கழுத்தைப் பிடித்தன. உள்நாட்டுத் தயாரிப்பு என்ற முத்திரை மட்டும் இதிலிருந்து காப்பாற்றாது என்பதற்குத் துருக்கி சாட்சி. அதன் டி129 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் 30-ஐ வாங்கப் பாகிஸ்தான் 2018-ல் ஒப்பந்தம் போட்டது. இன்ஜினில் அமெரிக்கப் பங்கு இருந்ததால் ஏற்றுமதி உரிமம் கிடைக்கவில்லை. ஒப்பந்தம் கலைந்தது, பாகிஸ்தான் கடைசியில் சீனாவின் இசட்-10 பக்கம் போனது. கட்டியது துருக்கி, கதவைப் பூட்டியது வாஷிங்டன்.

பிரசண்டைத் திறந்து பாருங்கள். சக்தி இன்ஜின் பிரான்சின் சஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. 20 மி.மீ. பீரங்கி பிரெஞ்சு. 70 மி.மீ. ராக்கெட் பெல்ஜிய வழி வந்தது. வானிலக்கைத் தாக்கும் மிஸ்ட்ரால் ஐரோப்பாவுடையது. புதிய ஒப்பந்தத்தில் உள்நாட்டுப் பங்கு 65 சதவீதத்துக்கு மேல் என்கிறார்கள், நல்லது. மீதி 35-ல் என்னென்ன இருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். இருக்கையும் ஜன்னலும் வெளியிலிருந்து வந்தால் கவலையில்லை. இன்ஜினின் சூடான பகுதியில் உள்ள டர்பைன் இலைகள் வெளியிலிருந்து வந்தால், அது 5 சதவீதமாக இருந்தாலும் முழு ஹெலிகாப்டரையும் நிறுத்திவிடும்.

உள்நாட்டுப் பக்கம் இன்னொரு ஆபத்தை யாரும் எழுதுவதில்லை. பிரசண்டும், நம் படைகளின் பொதுப் பயன்பாட்டு ஹெலிகாப்டரான துருவும் ஒரே குடும்பம். ரோட்டர், கியர்பாக்ஸ், இன்ஜின் எல்லாம் உறவு. உதிரிபாகக் கிடங்குக்கும் மெக்கானிக் பயிற்சிக்கும் இது வரப்பிரசாதம். ஆனால் ஒரு பாகத்தில் குறை தெரிந்தால் அது பல படைகளை ஒரே நாளில் தரையில் உட்கார வைக்கும். 2025 ஜனவரி 5-ல் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்தபின், சுமார் 330 துருவ்கள் பறப்பதை நிறுத்தின. ரோட்டர் இலைகளின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ்பிளேட்டில் முறிவு கண்டார்கள். ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் மீண்டும் அனுமதி கிடைக்க ஏறத்தாழ நான்கு மாதம் ஆனது. அதன் கடைசி நாட்களில் எல்லையில் பதற்றமும் ஏறியிருந்தது. ஆகவே 156 ஹெலிகாப்டரும் ஒரே பாகத்தை நம்பி நிற்பதால், அந்தப் பாகங்களுக்கான உலோகச் சோதனை, விரிசல் தேடும் இடைவெளி, கையிருப்பு மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

தாமதத்தில் இரு தரப்பும் சளைத்ததில்லை. பிரசண்ட் முதலில் பறந்தது 2010 மார்ச்சில். ஜோத்பூரில் படையில் சேர்ந்தது 2022 அக்டோபரில், அதுவும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணை இல்லாமல். 156-ன் முதல் ஹெலிகாப்டர் ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டில்தான் வரத் தொடங்கும். மறுபுறம், ராணுவத்தின் 6 அப்பாச்சிகளுக்கு 2020 பிப்ரவரியில் ஒப்பந்தம். அவற்றுக்கான படைப்பிரிவை 2024 மார்ச்சில் ஜோத்பூரில் தொடங்கிவிட்டார்கள். முதல் மூன்று டெல்லி அருகே ஹிண்டன் விமானத்தளத்தில் இறங்கியது 2025 ஜூலை 22. ஹெலிகாப்டரே இல்லாத ஹெலிகாப்டர் படை ஓராண்டுக்கு மேல் காத்திருந்தது.

என் கணிப்பு இது. மலைக்குப் பிரசண்ட், சமவெளிக்கு இருக்கும் 28 அப்பாச்சி. மேலும் அப்பாச்சி வாங்க இப்போது காரணமில்லை. அந்தப் பணம் பிரசண்டின் குறைகளுக்குப் போகட்டும். எதிரி ஏவுகணை வருவதை உணர்ந்து எச்சரிக்கும் கருவியும் தீப்பிழம்பு உமிழியும் எல்லா ஹெலிகாப்டரிலும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். டிரோனிலிருந்து நேரடியாகப் படம் வாங்கும் இணைப்பு வேண்டும். உக்ரைனில் ரஷ்யாவின் கா-52 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் பல சுட்டு வீழ்த்தப்பட்டதைப் பார்த்தபின், முகட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும் வேலையை மனிதர் ஏறிய ஹெலிகாப்டருக்குக் கொடுப்பது வீண்.

ஏவுகணைக் கையிருப்பையும் கேளுங்கள். 2010-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தரப்பட்ட அறிவிப்பில் 22 அப்பாச்சிகளுக்கு 50 இன்ஜின்கள் இருந்தன: பொருத்த 44, கையிருப்பு 6. ஹெல்ஃபயர் இரு வகையும் சேர்த்து 1,354. ஒன்றுக்கு 16 வீதம் முழுதாக ஏற்றினால் 352; ஆக, கிட்டத்தட்ட நான்கு முறை நிரப்பும் அளவு. ஒன்றுக்கு எட்டு வீதம் அதே கணக்கை 156 பிரசண்டுக்குப் போட்டால் சுமார் 4,800 ஹெலினா தேவை, 350 இன்ஜின் தேவை. ஹெலிகாப்டர் எண்ணிக்கையைத் தலைப்பில் போடும் செய்திகள் இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்