அச்சு கவிழவில்லை

ஆசிரியருக்கு,

'நிலநடுக்கத்தால் பூமியின் அச்சு சாய்ந்தது' என்று உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டு முகப்பில் டியூஷன் படிக்கும் ஏழாம் வகுப்புப் பெண் "பூமி கவிழ்ந்துடுமா சார்?" என்று கேட்டாள், அவள் முகத்தில் உண்மையான பயம் இருந்தது. அதில் சொன்ன 2011 ஜப்பான் நிலநடுக்கத்தால் ஒரு நாளின் நீளம் சுருங்கியது சுமார் 1.8 மைக்ரோ விநாடிதான் (ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), அதுவும் நேரில் அளந்ததல்ல, கணக்கிட்டது. காற்றோட்டத்தால் மட்டுமே நாளின் நீளம் ஆண்டுக்குள் இதைப்போலப் பல நூறு மடங்கு கூடிக் குறைகிறது! 17 செ.மீ. நகர்ந்ததாகச் சொன்னதும் பூமியின் நிறை சமன்படும் அச்சுதான், வானில் பூமி சாய்ந்து நிற்கும் கோணம் மாறவில்லை.

அவளைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கையிலும் புத்தகக் கட்டைக் கொடுத்துச் சுற்றிவிட்டேன். நீட்டிய கையை மடக்கியதும் நாற்காலி வேகமெடுத்தது. பாறை சற்றே உள்வாங்கினால் பூமியும் அப்படித்தான், ஆனால் துளியூண்டு. சரி, இந்த விளக்கத்துக்கு நான்கு வரி போதும். இனி இப்படிச் செய்தி போடும்போது ஒரு ஒப்பீட்டையும், 'இது கணக்கீடு' என்ற குறிப்பையும் தலைப்புக்குக் கீழேயே சேர்த்துவிடுங்கள்.

— ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், காரைக்குடி