பங்கு இல்லாத பங்குதாரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுநிலைச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் ஒரு நிறுவனம் யாரிடம் எதை எப்படிச் சொல்வது என்று திட்டமிடுவதற்கான ‘ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷன்’ (வியூகத் தொடர்பியல்), ‘கார்ப்பரேட் கம்யூனிகேஷன்’ (நிறுவனத் தொடர்பியல்) படிப்புகளின் விளம்பரங்களும் வந்துவிடும். ‘இதைப் படித்தால் என்ன வேலை?’ என்று கேட்கும் பெற்றோருக்கு, சினிமா பி.ஆர்.ஓ. என்பதைத் தாண்டி எதுவும் நினைவுக்கு வருவதில்லை. வேலை இருக்கிறது. அந்த வேலைக்கு வேண்டியதைப் படிப்பு கற்றுத்தருமா என்பதுதான் சந்தேகம். கட்டணம் கட்டும் முன்பே அதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்பதால் இக்கடிதம்.

பட்டத்தின் பெயரிலிருந்து தொடங்குவோம். பல்கலைக்கழகம் தரும் எம்.ஏ., எம்.பி.ஏ. இரண்டும் பட்டங்கள். தன்னாட்சி மேலாண்மை நிறுவனங்கள் தரும் பி.ஜி.டி.எம். பட்டயம். அகமதாபாத் ‘மைக்கா’ தருவது இந்த வகைதான். வேலைச் சந்தையில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் பின்னாளில் கல்லூரி ஆசிரியருக்கான தகுதித் தேர்வான ‘நெட்’ எழுதவோ முனைவர் ஆய்வுக்குப் பதியவோ எண்ணம் இருந்தால், தான் சேரும் பட்டயத்தை முதுநிலைக்கு இணையாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். டெல்லி ஐ.ஐ.எம்.சி.யும் (இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம்) நெடுங்காலம் பட்டயம்தான் தந்துவந்தது. 2024இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்த பிறகே இத்துறையில் எம்.ஏ. தொடங்கியது. ‘நெட்’டில் இதற்கெனத் தனிப் பாடம் இல்லை. இதழியலும் மக்கள் தொடர்பியலும் சேர்ந்த பாடத்தில்தான் எழுத வேண்டும். பொதுப் பிரிவினருக்கு முதுநிலையில் 55 விழுக்காடு தேவை.

அடுத்து, இணையதளத்திலிருந்து பாடத்திட்டத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு கிரெடிட் என்பது வகுப்பறையில் 15 மணி நேரம். நான்கு கிரெடிட் தாளுக்கு 60. செய்முறையானால் ஒரு கிரெடிட்டுக்கு 30. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, எந்தத் தாளுக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கூட்டிப் பார்த்தால் படிப்பின் உண்மை முகம் தெரியும். விளம்பரம், நிகழ்ச்சி மேலாண்மை, சமூக ஊடகம் என்றே தாள்கள் வரிசையாக இருந்தால், பழைய மக்கள் தொடர்புப் பாடத்துக்குப் புதுப் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

‘வியூகம்’ என்ற சொல்லுக்கு உயிர் கொடுப்பது குறிக்கோள். மாணவர்களின் திட்ட அறிக்கைகளில் அது பெரும்பாலும் ‘விழிப்புணர்வை அதிகரித்தல்’ என்ற இரண்டே சொல்லில் முடிந்துவிடும். யாருடைய விழிப்புணர்வு, எதைப் பற்றி, எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எந்தத் தேதிக்குள் என்று எதுவும் இருக்காது. ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ‘ஊற்றிய பாலுக்குத் தரும் சீட்டில் கொழுப்பு அளவையும் இதரச் சத்து அளவையும் பார்த்து விலையைச் சரிபார்க்கத் தெரிந்த உறுப்பினர் இப்போது நூற்றுக்கு 20, ஆறு மாதத்தில் 50 ஆக வேண்டும்’ என்று எழுதினால் அது குறிக்கோள். அந்த 20 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், காலையில் பால் ஊற்றும் நேரத்தில் சங்கத்து வாசலில் இரண்டு வாரம் நின்று கேட்டு எடுத்ததாக இருக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்தை மிச்சம் பிடித்துவிட்டு நேரே போஸ்டருக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. தொடக்க அளவு கையில் இல்லையென்றால், ஆறு மாதம் கழித்து அளந்து பார்த்தும் பயனில்லை, எதோடு ஒப்பிடுவது?

அளவிடுவதில் இன்னொரு பழைய நோய் உண்டு. நிறுவனத்தைப் பற்றி நாளிதழில் வெளிவந்த செய்தியின் பரப்பை ஸ்கேல் வைத்து அளப்பார்கள்: 20 செ.மீ. உயரம், 12 செ.மீ. அகலம், 240 சதுர செ.மீ. அந்தப் பக்கத்தின் விளம்பரக் கட்டணம் சதுர செ.மீ.க்கு ₹1,000 என்று வைத்தால் ₹2.4 லட்சம். ‘விளம்பரத்தைவிடச் செய்தியை மக்கள் நம்புவார்கள்’ என்று சொல்லி அதை மூன்றால் பெருக்குவார்கள், ₹7.2 லட்சம் என்று மேலதிகாரியிடம் அறிக்கை போகும். அந்தச் செய்தி நிறுவனத்தைத் திட்டி வந்ததாக இருந்தாலும் இதே ₹7.2 லட்சம்தான்! 2010இல் பார்சிலோனாவில் கூடிய துறையினர் வகுத்த கோட்பாடுகள், விளம்பரக் கட்டணத்தை வைத்துச் செய்தியின் மதிப்பைச் சொல்லக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டன. 2015, 2020 திருத்தங்களிலும் அந்த நிலை மாறவில்லை. எத்தனை செய்தி வந்தது என்பது ஒன்று, படித்தவர் என்ன புரிந்துகொண்டார் என்பது ஒன்று, அதன் பிறகு என்ன செய்தார் என்பது இன்னொன்று. மூன்றையும் தனித்தனியே அளக்கக் கற்றுத்தராத படிப்பில் ‘ஆய்வு முறைகள்’ என்ற தாள் இருந்து என்ன, இல்லாவிட்டால் என்ன.

சட்டம் கற்றுத்தருகிறார்களா என்பதையும் பாருங்கள். அவதூறும் பதிப்புரிமையும் எல்லா இடத்திலும் இருக்கும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்பவருக்கு அவை போதாது. அங்கே கடிகாரம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபியின் கையில். இயக்குநர் குழு எடுத்த முக்கிய முடிவு, கூட்டம் முடிந்த 30 நிமிடத்துக்குள் பங்குச் சந்தைக்குப் போயாக வேண்டும். சந்தை மூடிய பிறகு கூட்டம் முடிந்தால் 3 மணி நேரம். நிறுவனத்துக்குள்ளேயே எழும் மற்ற நிகழ்வுகளுக்கு 12 மணி நேரம், வெளியிலிருந்து வருபவற்றுக்கு 24. செய்தியாளருக்கான குறிப்பு இதற்குப் பிறகுதான் போகலாம். ‘நாளை காலை வரை வெளியிட வேண்டாம்’ என்ற வேண்டுகோளோடு முந்தின மாலையே நண்பரான நிருபருக்கு அனுப்பிவைக்கும் பழக்கம் புதிய கைபேசி அறிமுகத்துக்குச் சரிப்படலாம். காலாண்டு நிதி முடிவுகளுக்கு அப்படிச் செய்தால் உள்வணிகத் தடை (வெளிவராத தகவலை வைத்துப் பங்கு வணிகம் செய்வதற்கான தடை) விதிமீறல் என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். முடிவுகளுக்குக் குறிப்பு எழுதும் இளநிலை ஊழியரும் பொதுவாக அந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவரே. காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் வரை அவர் தன் நிறுவனப் பங்கை வாங்கவோ விற்கவோ முடியாது.

சந்தை மதிப்பில் முதல் 250 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2024 டிசம்பர் முதல் இன்னொரு கடமையும் உண்டு. ஊடகத்தில் வந்த வதந்தியால் பங்கு விலை குறிப்பிடத்தக்க அளவு அசைந்தால், 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும். பதிவுபெற்ற நாளிதழ்கள் எல்லாம் ‘ஊடகம்’ என்ற வரையறைக்குள் வருவதால், தமிழ் நாளிதழில் வந்த வதந்தியும் கணக்கில் சேரும். தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் இல்லாத தகவல் தொடர்புப் பிரிவு அதை எப்படிக் கண்டுபிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நெருக்கடி மேலாண்மை வகுப்பு என்றால் 1982 டைலினால் வலி நிவாரணிக் கதை வந்துவிடும்: மருந்தில் யாரோ விஷம் கலந்ததால் சிகாகோ வட்டாரத்தில் ஏழு பேர் சாவு, 3.1 கோடி புட்டிகள் திரும்பப் பெறப்பட்டது. நம் மாணவர்கள் நாள்வாரியாகப் பிரித்துப் பார்க்க ஏற்றது 2015 மேகி நூடுல்ஸ் விவகாரம். ஈயத்துக்கு அனுமதித்த அளவு 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), கொல்கத்தா ஆய்வகம் சொன்னது 17.2. உறையிலோ ‘எம்.எஸ்.ஜி. (குளூட்டமேட் வகைச் சுவையூட்டி உப்பு) சேர்க்கப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி. வெளியிலிருந்து சேர்க்காவிட்டாலும் மூலப்பொருளில் இயல்பாகவே உள்ள குளூட்டமேட் சோதனையில் தெரியும் என்பதால் அந்த ஒரு வரியே தனிச் சிக்கலானது. ஏப்ரல் கடைசியில் உத்தரப் பிரதேச அதிகாரிகள் சரக்கைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஜூன் 5இல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தடை, ஆகஸ்ட் 13இல் அதை ரத்து செய்து பம்பாய் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பு, நவம்பரில் மீண்டும் கடைகளுக்கு. இதில் பயிற்சிக்கு உகந்த இடம் தடைக்கு முந்தைய ஐந்து வாரம். ஒவ்வொரு நாளும் யார், யாரிடம், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று மாணவரை எழுதவைக்கலாம். ‘எங்கள் சோதனையில் வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்பது அதிகாரிக்கான பதில். ‘நேற்று ராத்திரிகூடப் பிள்ளைக்குக் கிண்டிக் கொடுத்தேனே’ என்று பதறும் தாய்க்கு அது பதிலாகாது.

இனி, இந்தப் படிப்புகளில் அநேகமாக எங்கேயும் இல்லாத தாள்: தமிழ். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, குவாரி போன்ற திட்டங்களுக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாளாவது அவகாசம் தந்து, ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். அறிக்கைச் சுருக்கம் ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் இருக்க வேண்டும். கூட்ட நடவடிக்கைகளை முடிவில் மக்களின் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியமானாலும், சுருக்கத்தைத் தருவது நிறுவனம். அதன் தமிழ் எப்படி இருக்கிறது? திட்டத்தால் பாதிக்கப்படுவோர், அதில் அக்கறை உள்ளோர் என்ற பொருளில் வரும் ‘ஸ்டேக்ஹோல்டர்’ என்ற சொல்லைப் ‘பங்குதாரர்’ என்று மாற்றிவிடுகிறார்கள். ‘இத்திட்டத்தின் பங்குதாரர்களான கிராம மக்கள்’ என்று மேடையில் வாசித்தால், முன்வரிசைக்காரர் ‘எங்களுக்கு எத்தனை பங்கு?’ என்று கேட்பார். நியாயமான கேள்விதானே. கலைச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. குவாரிக்கு அடுத்த காட்டுக்காரர், லாரி போகும் தெருவில் குடியிருப்பவர், அந்த ஏரித் தண்ணீரில் பயிர் செய்பவர் என்று ஆளைச் சொன்னால் போதும். ‘தூசு மாசுபாட்டுக்கான தணிப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும்’ என்பதும் அப்படித்தான். ‘லாரிப் பாதையில் தினம் மூன்று முறை தண்ணீர் தெளிப்போம், லோடுக்கு மேல் தார்ப்பாய் கட்டாத வண்டியை வெளியே விடமாட்டோம்’ என்று எழுதினால், நிறுவனம் சொன்னபடி நடக்கிறதா என்று ஊரே பார்த்துக்கொள்ளும். பொத்தாம்பொதுவான தமிழ் சில நிறுவனங்களுக்கு வசதியாக இருப்பதும் இதனால்தான் என்று தோன்றுகிறது.

செய்திக்குறிப்பு எழுதும் கைப்பழக்கத்தையும் ஆங்கிலத்தில் மட்டுமே பழக்குகிறார்கள். தமிழ் நாளிதழுக்குப் போகும் குறிப்பு ஒரு பக்கத்தில் முடிய வேண்டும். முதல் பத்தியில் யார், என்ன, எங்கே, எப்போது. ‘முன்னணி நிறுவனமான’ என்று தொடங்கும் அடைமொழிகளை எப்படியும் உதவி ஆசிரியர் அடித்துவிடுவார். மாவட்டப் பதிப்புகளின் பக்கங்கள் முன்னதாகவே முடிந்துவிடுவதால், மாலை நிகழ்ச்சியாக இருந்தால் அடிப்படைக் குறிப்பைப் பிற்பகலிலேயே அனுப்பிவிட்டுப் படத்தைப் பிறகு அனுப்புவது நல்லது. பி.டி.எஃப். மட்டும் அனுப்பக் கூடாது: அதிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கொம்பும் காலும் பிரிந்து ‘கொ’, ‘தோ’ எல்லாம் உடைந்துவிடும், பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் ஒன்றுமே படிக்க முடியாது. ஒருங்குறியில் (யூனிகோடில்) அடித்த வேர்டு கோப்பு வேண்டும். படத்தில் உள்ளவர்களை இடமிருந்து வலமாக, தலைப்பெழுத்தோடு எழுத வேண்டும். இவ்வளவையும் இரண்டு வாரத்தில் கற்றுத்தந்துவிடலாம். எந்தக் கிரெடிட்டும் கெட்டுப்போகாது.

வெளிநாட்டில் படிக்க எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் இது ஓராண்டுப் படிப்பு. மொத்தம் 180 கிரெடிட் (அங்கே கிரெடிட் கணக்கு வேறு), அதில் ஆய்வேடு மட்டும் பொதுவாக 60. செப்டம்பரில் போய் இறங்கியவர், ஊர் பழகும் முன்பே ஆய்வுத் தலைப்பு சொல்ல வேண்டியிருக்கும். படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் இரண்டாண்டு விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாகக் குறைகிறது. கடன் வாங்குவோர் அதையும் கணக்கில் சேர்க்கட்டும். அங்கே படிக்கும் ஊடகச் சட்டமும் பங்குச் சந்தை விதிகளும் அந்த நாட்டினுடையவை. திரும்பி வந்தால் செபி விதிகளைத் தானாகத்தான் படிக்க வேண்டும்.

தங்கள் கல்விப் பக்கத்தில் இப்படிப்புகளைப் பற்றி எழுதும்போது, கட்டணத்தோடு பாடத்திட்டத்தில் சட்டம், அளவீடு, தமிழ் எழுத்து ஆகியவற்றுக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் வெளியிட வேண்டுகிறோம். இன்னொரு வேண்டுகோள் தங்கள் செய்திப் பிரிவுக்கு. ஊர் மக்களைப் ‘பங்குதாரர்கள்’ என்று சொல்லும் குறிப்பு வந்தால், அதைத் திருத்திப் போட்டு உதவ வேண்டாம். ‘யாருக்கு எத்தனை பங்கு?’ என்று ஒரு வரி எழுதி, வந்த முகவரிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தொடர்பியல் ஆசிரியர்கள் இருவர்,
திருச்சி.