ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடாதே

அன்புள்ள கண்ணு,

நீ வாங்கித் தருகிறேன் என்று சொன்ன 55 இஞ்ச் டிவி வேண்டாம். உங்கப்பாவுக்கு உள்ளூர ஆசை இருக்கிறது, சுவரை அளந்துகூடப் பார்த்துவிட்டார். ஆனாலும் வேண்டாம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் ஆர்டர் போட்டுவிடுகிற ஆள் நீ. மிக்ஸி அப்படித்தான் வந்து சேர்ந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஞாயிறுதான் உனக்கு லீவு. டப்ளினில் மத்தியானம் சமைத்து வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுகிறாய். இங்கே அப்போது சாயங்காலம் ஆறு, ஆறரை ஆகியிருக்கும். அந்த நேரத்துக்கு நான் திரைப்படக் கழகத்தில் இருப்பேன், போன் அணைந்திருக்கும். "படம்தானேம்மா, வீட்டிலேயே பெரிசாப் பார்த்துக்கலாமே, எதுக்கு ராத்திரி நேரத்தில அலையணும்?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான்.

முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஏதோ ஏசி தியேட்டர் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு பள்ளிக்கூட ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ப்ரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையே படத்தைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். கதை முழுக்க அதில் இருக்கும். கதை தெரிந்துவிட்டால் என்ன சுவாரசியம் என்பாய். கூத்துப் பார்க்கப் போகிறவனுக்குப் பாஞ்சாலி கதை தெரியாதா என்ன? எனக்கு அது ரொம்ப வசதி. அடியில் ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தைத் துரத்திக்கொண்டே இருந்தால் நடிக்கிறவர்கள் முகத்தைப் பார்க்க நேரமிருக்காது. கதை முன்னாலேயே தெரிந்தால் எழுத்தை அது பாட்டுக்கு ஓட விட்டுவிடலாம்.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, நாற்காலிகளை வட்டமாகத் திருப்பி உட்கார்ந்து பேசுவோம். வாட்ச்மேன் வந்து சாவிக்கொத்தை ஆட்டுகிற வரைக்கும் பேச்சு. அப்புறம் எதிர்த்த பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மறுபடியும்.

வருகிறவர்கள் எல்லாம் ஒரு தினுசு. சினிமாவில் உதவி இயக்குநராகப் போக வேண்டும் என்று திரிகிற காலேஜ் பையன்கள், ஒரு பல் டாக்டர், மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தர், மகளைப் பாட்டு கிளாஸில் விட்டுவிட்டு அந்த இடைவெளியில் பாதிப் படம் மட்டும் பார்த்துவிட்டுப் போகிற ஒரு அம்மா. எனக்கு ரொம்பப் பிடித்தவர் பழைய தியேட்டர் ஆபரேட்டர். மெஷினில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்து ஆள். ஒரு ரீல் 1,000 அடி, 11 நிமிஷம் ஓடும் என்பார். 14 ரீல் படம் என்றால் இரண்டரை மணி நேரம். ஒரு மெஷினில் ஓடுவது முடியப்போகிறது என்பதற்கு அடையாளமாகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும், உடனே அடுத்த ரீல் மாட்டிய பக்கத்து மெஷினை ஓட விட வேண்டும். பழைய படங்களில் அந்தப் புள்ளி இப்போதும் வருகிறது. வந்ததும் அவர் கை தானாக நாற்காலியை விட்டு எழும்புகிறது, கண்ணு. நான் பார்த்திருக்கிறேன். பல வருஷம் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் படத்தைப் பார்த்தவர், உட்கார்ந்து முழுசாகப் பார்ப்பது இங்கேதானாம்.

இப்போது கழகத்தில் போட்ட 'டோக்கியோ ஸ்டோரி' என்கிற படத்தைப் பற்றி எழுதப் போகிறேன். உன்னைக் குத்திக்காட்ட எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஜப்பானில் யசுஜிரோ ஓசு 1953இல் எடுத்தது. ஒனோமிச்சி என்கிற கடலோர ஊரிலிருந்து ஒரு வயதான அப்பாவும் அம்மாவும் டோக்கியோவில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மகன் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிக் காட்டலாம் என்று கிளம்பும்போது நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறது. மகள் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள், அவளுக்கும் நேரமில்லை. செலவுக்குப் பணம் போட்டு அவர்களை அடாமியில் ஒரு விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ராத்திரியெல்லாம் ஒரே பாட்டும் கூத்துமாக இருக்கிறது, கிழவனும் கிழவியும் தூங்க முடியாமல் புரள்கிறார்கள். போரில் செத்துப்போன இன்னொரு மகனின் மனைவி நோரிகோ மட்டும் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிறாள். ஊர் திரும்பியதும் அம்மா இறந்துபோகிறாள்.

படம் முடிந்ததும் காலேஜ் பையன்கள் கொதித்துவிட்டார்கள். அந்த மகள் என்ன ஜென்மம், சாவு வீட்டிலேயே அம்மாவின் துணியை எனக்குக் கொடு என்று கேட்கிறாளே என்று. கேட்கத்தான் கேட்டாள். ஆனால் எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கடை வைத்திருக்கிறவள், வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருக்கும்போது எப்படி இழுத்துச் சாத்திவிட்டு வருவாள்? நான் தபாலாபீஸ் கவுன்ட்டரில் இருந்தபோது உன் பாட்டி ஊரிலிருந்து வந்தால் என்ன செய்தேன்? வரிசையில் ஆள் நிற்கும்போது பெஞ்சில் உட்கார வைத்து, மூன்று மணிக்குத்தான் போய்ப் பேசினேன். எழுந்து நின்று இதைச் சொன்னேன். மில்காரர் என் கட்சி. "ஷிப்டுக்குப் போறவனுக்கு அப்பன் செத்தாலும் சங்கு ஊதறது ஊதினதுதான்" என்றார். பல் டாக்டர் எதிர்க்கட்சி. நோரிகோவுக்கும் வேலை இருந்ததே, அவள் லீவு போடவில்லையா என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, பேக்கரி வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

அந்தப் படத்தில் கேமரா ரொம்பத் தாழ்வாக இருக்கும். பாயில் உட்கார்ந்திருக்கிற ஆளின் உயரத்தில். ஆபரேட்டர்தான் அதைச் சொன்னார்: "டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டுக்கு உட்கார்ந்தவன் பார்க்கிற மாதிரி இருக்குதுங்க." புத்தகத்தில் இதைப் படித்திருந்த பையன்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

டிவியில் போட்டாலும் இதே படம்தானே என்பாய். இல்லை, கண்ணு. வீட்டில் நான் உட்கார்ந்தால் குக்கர் விசில் அடிக்கும். பால்காரர் பாக்கிக்கு வருவார். உங்கப்பா "அது எங்க வெச்சிருக்க?" என்பார். படத்தை நிறுத்திவிட்டு எழுந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒரு ஈரான் படம் அப்படித்தான் ஆயிற்று. அப்பாஸ் கியாரோஸ்தமி 1987இல் எடுத்தது. ஒரு சின்னப் பையன் பள்ளித் தோழனின் நோட்டைத் தெரியாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான். நோட்டில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தால் தோழனைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிவிடுவேன் என்று வாத்தியார் மிரட்டியிருக்கிறார். அதனால் நோட்டைக் கொடுக்கப் பக்கத்து ஊருக்கு ஓடுகிறான். அவ்வளவுதான் கதை. வளைந்து வளைந்து போகிற ஒரு மேட்டுப் பாதையில் ஓடுகிறான், திரும்பி வருகிறான், மறுபடி ஓடுகிறான். நீ போட்டுக் கொடுத்த செயலியில் எத்தனையோ முறை ஆரம்பித்தேன், தோழனின் ஊரைத் தாண்டவே இல்லை. கழகத்தில் போட்டபோது எழுந்து போக வழியில்லை. சலிப்பாகத்தான் இருந்தது, பக்கத்தில் இருந்தவருக்கும் சலிப்பு, நாற்காலி கிறீச்சிட்டது. ஆனால் இரண்டாவது தடவை அந்தப் பையன் மேட்டில் ஏறும்போது ஹாலில் யாருக்கும் மூச்சு வரவில்லை. கதவைத் தட்டித் தட்டி ஏமாறுகிறபோது பின்னாலிருந்து ஒருத்தர் "அட பாவமே" என்றார். எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் வீட்டில் நான் பார்த்ததெல்லாம் மற்றவர்கள் பார்த்தது. உன் பாட்டி சீரியல், அப்பா கிரிக்கெட், நீ கார்ட்டூன். குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் வீடு நடந்தது. ஆனால் இப்போது ஒரு படத்தைப் பற்றி "நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?" என்று என்னை ஒருத்தர் கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் காத்திருக்கிறார். அதற்கு 55 இஞ்ச் போதாது.

உங்கப்பா சங்கதி தெரியுமா? முதலில் ஒரு தடவை என்னோடு வந்து, டைட்டில் முடிவதற்குள் குறட்டை. அதிலிருந்து ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவதோடு சரி. பிறகு பாலு மகேந்திராவின் 'வீடு' போட்டார்கள், 1988இல் வந்தது. உட்கார்ந்து பார்த்தார். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் தாத்தா கொடுத்த மனையில் ஒரு பெண் லோன் போட்டு வீடு கட்டுகிற கதை. கான்டிராக்டர் சிமென்ட்டைத் திருடுகிற இடம் வந்ததும் உங்கப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டின வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்க்கிறபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் அந்த மனை குடிநீர் வாரியத்துக்குச் சேர்ந்தது என்று வந்து நிற்கிறார்கள். விளக்குப் போட்டதும் முதலில் எழுந்தது உங்கப்பாதான். நம் வீடு கட்டியபோது பட்டபாடு, பிளான் அப்ரூவல், கம்பி விலை, மேஸ்திரி பாதியில் ஓடிப்போனது, ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பெண்ணாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம் அது. அன்றைக்குப் பேச்சில் அர்ச்சனாவுக்கு இடமே கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ஈரான் படம் என்றதும் பழையபடி ஸ்கூட்டர் டிரைவர் ஆகிவிட்டார்.

நம் ஊருக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் கோயம்புத்தூர்க்காரர். ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டரையும் பிலிமையும் வாங்கி, வேலையை உதறிவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். அப்புறம் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். நீ டவுன்ஹால் பக்கம் வெரைட்டி ஹால் ரோட்டில் எத்தனை தடவை சைக்கிளில் போயிருப்பாய், அந்தப் பெயர் அதிலிருந்து வந்ததுதான். கழகம் என்கிற ஏற்பாடும் பழசு. 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களும் சேர்ந்து ஒன்று ஆரம்பித்தார்கள். ராய் அப்போது விளம்பரக் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்தவர், சினிமா எடுக்கவே இல்லை. 1959இல் பல ஊர்க் கழகங்கள் சேர்ந்து கூட்டமைப்பு அமைத்தபோது அவர்தான் தலைவர். அந்தக் காலத்தில் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்து 16 எம்எம் பிலிம் பெட்டி வர வேண்டும். கழகங்களுக்கு சென்சார் வெட்டாத படம் காட்ட அனுமதி இருந்ததால் அதற்காகவே சேர்ந்த கூட்டமும் உண்டு என்று மில்காரர் சிரிப்பார். தானும் அப்படிச் சேர்ந்தவர்தான் என்று டீ குடிக்கும்போது ஒத்துக்கொண்டார்.

ராத்திரி அலைகிறேன் என்று கவலைப்படாதே. அப்பா வராத நாளில் டாக்டர் காரில் இறக்கிவிடுவார்.

இனிமேல் சனிக்கிழமை கூப்பிடு. உனக்கு சாயங்காலம் மூன்று மணி என்றால் இங்கே ஏழரை, எட்டரை. சாப்பிட்டு முடித்திருப்போம், அவசரமில்லாமல் பேசலாம். உன் ஊரிலும் டெம்பிள் பாரில் ஐரிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் இருக்கிறதாமே, உலகப் படமெல்லாம் போடுவார்களாம். பையன்களில் ஒருத்தன் சொன்னான். நீ பஸ்ஸில் போனை வைத்துக்கொண்டு ஒன்றரை மடங்கு வேகத்தில் படம் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும், உன் தங்கை சொல்லிவிட்டாள். ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு என்ன படம், எப்படி இருந்தது என்று சொல். டிசம்பரில் வரும்போது ஒரு ஞாயிறை எனக்கு ஒதுக்கி வை, கழகத்துக்குக் கூட்டிப்போகிறேன். பையன்கள் உன்னிடம் அயர்லாந்து பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள், தயாராக வா.

டிவிக்கு வைத்திருக்கிற காசு கையில் சும்மா இருந்தால் கழக ப்ரொஜெக்டருக்கு விளக்கு மாற்ற வேண்டியிருக்கிறது, ராத்திரிக் காட்சியெல்லாம் மங்கலாகத் தெரிகிறது. செயலாளரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ சரி என்றால் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு: டிவிக்கு ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால் உடனே ரத்து செய். அப்பாவிடம் கேட்காதே.